திட்டிக்கொண்டே தூக்குங்கள்

ஜிம் ட்ரெய்னர் வேலை என்பது அடுத்தவர்களின் சாக்குப்போக்கைத் தினமும் தூக்கி இறக்குகிற வேலை. இரும்பை அவர்கள் தூக்குவார்கள், அதுவும் மனசு வைத்தால்.

திண்டிவனத்தில் சிமெண்ட் கடைக்கு மேலே இருக்கிற ஒரு மாடி ஜிம்மில், பெண்கள் நேரத்துக்கு நான்தான் ட்ரெய்னர். பெயர் சுமதி. வீட்டிலிருந்து புடவை கட்டிக்கொண்டு கிளம்புவேன். ஜிம்முக்கு வந்து டீ-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் மாட்டிக்கொள்வேன். திரும்பும்போது மறுபடி புடவை. காரணம், மருமகள் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்வதாக என் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். உடம்பை வளைத்துச் சம்பாதிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அந்தச் சம்பளத்தில் வாங்கிய கிரைண்டரில் மாவாட்டுவது மட்டும் குறைச்சலில்லை.

நல்லதைச் சொல்லியே வயிறு வளர்க்கும் சகபாவிகளே, வாத்தியார்களே, நர்ஸ்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பாதிதான் கேட்பார்கள். அந்தப் பாதியும் நாம் சொன்னதாக இருக்காது.

நரம்பு தரிசனம்

எங்கள் பக்கத்தில் ரத்தக்குழாய் என்று ஒன்று கிடையாது. கையில் பச்சையாக ஓடுவதும் நரம்பு, கழுத்தில் துடிப்பதும் நரம்பு, காலில் சுருண்டுகொள்வதும் நரம்பு. இந்த நம்பிக்கைக்குத் தலைமைப் பூசாரி எங்கள் ஜிம் முதலாளி. எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். விழுப்புரத்தில் அவருக்கு இன்னொரு ஜிம் உண்டு. இரண்டுக்கும் நடுவே பைக்கில் போய்வந்தபடி, வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சட்டைக் கையை மடித்து நரம்பைக் காட்டுவார். "நரம்பு தெரிஞ்சா ரத்தம் ஜோரா ஓடுதுன்னு அர்த்தம்" என்பது அவர் வேதம். வெளியே குழாய் புடைத்துத் தெரிவது வேறு, ஆரோக்கியமான குழாய் உள்ளே இளகி விரிவது வேறு என்று நான் சொன்னால், "கோர்ஸ் படிச்ச பொண்ணு பேசுது" என்று சிரிப்பார்.

கண்டாச்சிபுரத்து மாப்பிள்ளை ஒருவர் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க நரம்பு வேண்டும் என்று வந்தார். மாஸ்டர் ஒரு ரகசியம் சொல்லிக்கொடுத்தார்: முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிக்காதே, தோல் காய்ந்து நரம்பு மேலே வரும். மாப்பிள்ளையும் குடிக்கவில்லை. குயிலாப்பாளையம் பக்கம் செம்மண் ரோட்டில், உச்சி வெயிலில், கையில்லாத பனியனோடு நின்று தம்பிள்ஸைத் தூக்கியிருக்கிறார். நாலாவது போட்டோவில் ஆள் தரையில். இளநீர் வாங்க ஒருவர் ஓட, கல்யாணப் பொண்ணு மாஸ்டருக்குப் போன் போட்டது. ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மாஸ்டர், நீங்க சொன்னா மாரியே நரம்பெல்லாம் சூப்பரா தெரியுது, ஆளுதான் கண்ணத் தொறக்க மாட்டேன்றாரு, இப்ப இன்னா பண்ணட்டும்?"

வெயிலில் காய்ந்த எலாஸ்டிக்

மல்லிகா அக்கா எங்கள் ஜிம்முக்கு வந்த கதைதான் முக்கியம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளவுஸ் தைக்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க அடுத்த கடைக்காரரைக் கூப்பிட வேண்டிய நிலை. ஒரு பட்டுப் பிளவுஸில் கத்தரி தப்பாக ஓடி, அந்த வீட்டம்மா தெருவில் நின்று கத்திவிட்டுப் போனார். மகன் புதுச்சேரியில் இருக்கிறான். "மெஷினை வித்துட்டு வந்து குழந்தைங்களைப் பாத்துக்கோ" என்று ஒரே பிடிவாதம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கண் தெரிய வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

விழுப்புரத்துக் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போனால், பிரஷர் எகிறிக் கிடக்கிறது, குறைத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா நடக்கவும், அளவாக எடை தூக்கவும் சொல்லியிருக்கிறார். அக்கா எங்கள் ஜிம் படியேறி வந்து, என்னைத் தொட்டுப் பார்த்து, "பொம்பளப் புள்ளதான?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

எடை தூக்கினால் பிரஷர் எப்படிக் குறையும் என்று கேட்டார். ரத்தக்குழாயின் உள்பக்கம் மெல்லிய படலம் ஒன்று உண்டு, தசை வேலை செய்யும்போது ரத்தம் வேகமாக அதை உரசிக்கொண்டு ஓடும், அப்போது அந்தப் படலம் குழாயைத் தளரச் சொல்லும் என்றேன். வயசும் உப்பும் கவலையும் சேர்ந்தால் குழாய் விறைத்துவிடும், அடிக்கடி அளவாக வேலை கொடுத்தால் இளகப் பழகும், ஆனால் மாத்திரையோடு சேர்த்துத்தான் என்றேன். தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டே வந்தவர் தன் தொழிலுக்கு மாற்றிக்கொண்டார்.

"வெயில்ல காஞ்ச எலாஸ்டிக்குன்னு சொல்லு, சரி, அத்த உருவிட்டு வேற ஒண்ணு கோக்க முடியாதா பாப்பா?"

தம் கட்டு, தரணி வெல்லு

மேலே உள்ள வாசகம் எங்கள் ஜிம் சுவரில் சிவப்புப் பெயிண்டில் இருக்கிறது. மாஸ்டரின் சொந்தக் கவிதை. அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவரிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்குகிறவர் வரை எல்லோரும் தம் கட்டித்தான் தூக்குவார்கள். மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டு, முகம் சிவக்கச் சிவக்கத் தூக்கினால்தான் தூக்கினதாகக் கணக்கு. பிரஷர் இருக்கிறவர் அப்படித் தூக்கினால் அந்த நேரத்தில் பிரஷர் இன்னும் துள்ளி ஏறும். அதனால் என் வேலை ஒரு நாளைக்கு நூறு தடவை "மூச்சை விடுங்க" என்று கத்துவது.

மல்லிகா அக்காவுக்கு இந்த வியாதி இரட்டிப்பு. ஊசியில் நூல் கோக்கும்போதும், துணியில் கத்தரி வைக்கும்போதும் மூச்சைப் பிடித்தே பழகியவர். இரண்டு கிலோ தம்பிள்ஸைக் கையில் கொடுத்தால் ஊசி கோக்கிறவர் மாதிரி உதட்டை இறுக்கிக்கொள்வார். எண்ணச் சொன்னேன், மனசுக்குள்ளேயே எண்ணினார். பாடச் சொன்னேன், வெட்கப்பட்டார். கடைசியில், "யாரையாவது திட்டிக்கிட்டே தூக்குங்கக்கா" என்றேன். அதற்கு வெட்கமே இல்லை. தூக்கும்போது ஒரு திட்டு, இறக்கும்போது ஒரு மூச்சு. திட்டுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாது, வேண்டுமானால் நீங்களும் செய்து பாருங்கள்.

இந்த முறை பெண்கள் நேரம் முழுக்கப் பரவிவிட்டது. உட்கார்ந்து எழுகிறவர் மாமியாரைத் திட்ட, பட்டையை இழுக்கிறவர் நாத்தனாரைத் திட்ட, ஜிம் குழாயடியாக மாறியது. ஒருநாள் மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். மல்லிகா அக்கா அப்போது, ஏசி போடுகிறேன் என்று சொல்லி ஏமாற்றின மாஸ்டரின் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கிக்கொண்டிருந்தார். "யாரத் திட்டறீங்க?" என்று மாஸ்டர் கேட்க, அக்கா அந்த மங்கல் உருவத்தைத் தண்ணீர் கேன் போடுகிறவர் என்று நினைத்துவிட்டார்.

"கேன அந்த மூலைல வையிப்பா, உங்க மொதலாளியத்தான் திட்டிக்கினு கீறேன், அப்பத்தான் பிரஷர் எறங்குதாம்."

பாலத்தடி அழகி

சில மாதங்களில் அக்காவின் பிரஷர் நிஜமாகவே இறங்கிவர ஆரம்பித்தது. மாத்திரை, நடை, உப்பைக் குறைத்தது, தூக்கியது, திட்டியது எல்லாம் சேர்ந்து. சந்தோஷத்தில் எனக்கு இரண்டு பிளவுஸ் தைத்துக் கொடுத்தார். தொட்டுத் தடவியே தைத்தது. ஒரு கை முழங்கைக்கு மேலே நின்றது, இன்னொரு கை இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. அந்த மனசுக்காகப் போட்டுக்கொண்டேன். என் மாமியார் மட்டும், "கம்ப்யூட்டர்ல தெச்சதா?" என்று கேட்டார்.

மாஸ்டருக்கு விஷயம் தெரிந்ததும் போட்டோக்காரரைக் கூட்டிவந்துவிட்டார். அடுத்த வாரம் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பேனர். "பி.பி.க்கு குட்பை" என்று பெரிய எழுத்து. நடுவில் மாஸ்டர் நரம்பைக் காட்ட, பக்கத்தில் மல்லிகா அக்கா தம்பிள்ஸோடு நின்றார். கம்ப்யூட்டரில் முகத்தை வெளுக்க வைத்து, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார்கள். அக்காவை பஸ் ஏற்ற அந்த வழியாக நான் அழைத்துப் போனேன். நின்றார், கண்ணை இடுக்கிப் பார்த்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"யாரு பாப்பா அந்தப் பொம்பள, மாஸ்டரு பக்கத்துல இம்மாம் பவுடரு அப்பிக்கினு, வீட்ல கேக்க ஆளில்லையா அவளுக்கு?"

மாத்திரைக்கு லீவு

ஆபரேஷனுக்கு மறுபடி நாள் குறித்தார்கள். எனக்குப் பெண்கள் நேரம் இருந்ததால் மகன்தான் கூட்டிப்போனான். சாயங்காலம் அக்கா ஜிம் படியில் வந்து உட்கார்ந்தார். கண்ணில் கட்டு இல்லை. பிரஷர் பழையபடி ஏறிக் கிடந்ததாம், மறுபடி திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம், இல்லாவிட்டால் தையல் மெஷினை வாங்க ஆள் பார்க்கிறேன் என்று மகன் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டான். அக்கா அதைச் சொல்லும்போது திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஒரு வாரமாக இல்லையாம். பேனரைப் பார்க்க வந்த ஆட்கள் முன்னால் மாஸ்டர் கேட்டிருக்கிறார், "நம்ம ஜிம்முக்கு வந்தப்புறம் மாத்திரை எதுக்கு?" என்று. பெரிய மனுஷன் சொல்கிறாரே என்று அக்காவும் நிறுத்திவிட்டார். விழுப்புரம் ஜிம்முக்கே பஸ் ஏறிப் போய், அவருடைய ஆண் சிஷ்யர்கள் நடுவில் நின்று கேட்டேன். உடற்பயிற்சி ரத்தக்குழாயை இளக்கும், அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார், அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். மாஸ்டர் கண்ணாடியில் தன் தோளைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"மாத்திர துன்னு கொறஞ்சா பேரு மாத்திரைக்குப் போயிடும், அப்புறம் பேனருக்குக் குடுத்த காசு தண்டமா?"

மிஷின் ரிப்பேர்

மறுநாளே ஒரு பிரஷர் மிஷின் வாங்கி ஜிம்மில் வைத்தேன். வருகிறவர்கள் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, பார்த்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். ஐந்து நிமிஷம் சும்மா உட்காருவது எங்கள் பெண்களுக்கு எடை தூக்குவதைவிடக் கஷ்டம். ஒருத்தர் கீரை ஆய்ந்தார், இன்னொருத்தர் போனில் சீட்டுப் பஞ்சாயத்து முடித்தார். மல்லிகா அக்கா மட்டும் ஒழுங்காக உட்கார்ந்தார். மாத்திரையும் மறுபடி ஆரம்பித்தாயிற்று, நான் தினமும் போன் செய்து கேட்பேன்.

மிஷினைக் கேள்விப்பட்டு மாஸ்டர் வந்தார். பெண்களெல்லாம் சேர்ந்து அவரை உட்கார வைத்துவிட்டார்கள். புஜத்தில் பட்டையைச் சுற்றியதும், பழக்கதோஷத்தில் கையை முறுக்கித் தம் கட்டினார். விடச் சொல்லி, ஆற அமர உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். அப்படியும் மல்லிகா அக்காவின் எண்ணைவிட மேலே நின்றது. மிஷின் ரிப்பேர் என்றார். அக்காவுக்குப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. மறுபடி மாஸ்டருக்குப் பார்த்தேன், மறுபடி அதே உயரம். டாக்டரைப் பாருங்கள் என்று நான் மெதுவாகத்தான் சொன்னேன். நரம்பு புடைத்த அந்தக் கை, வாங்கிவந்த புரோட்டீன் டப்பாவை மூட முடியாமல் திருகிக்கொண்டிருந்தது. மல்லிகா அக்காவுக்கு நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டது.

"கவலப்படாத மாஸ்டரு, நாளைலேர்ந்து நீயும் லேடீஸ் டயத்துக்கு வந்துடு, திட்டறதுக்கு நான் சொல்லித்தரேன்."

எந்த சாமி?

மூன்றாவது தடவை நாள் குறித்தபோது நான் லீவு போட்டுவிட்டு அக்காவோடு விழுப்புரம் போனேன். மகன் வெளியே நின்று யாருடனோ மெஷின் விலை பேசிக்கொண்டிருந்தான். ஆபரேஷனுக்குப் போகும் முன் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றினார். அக்கா ஊசி கோக்கிறவர் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். எண் ஏறித்தான் வந்தது. நர்ஸ் முகம் சுருங்கியது. மூச்சைப் பிடிக்கிறாங்க சிஸ்டர், கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள் என்று கெஞ்சினேன். "ஒரு தடவதான்" என்றார்.

பேசக் கூடாது என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். அதுவும் சரிதான், பேசினாலும் எண் ஏறும். அப்படியானால் அக்கா எப்படித் திட்டுவார்? காதோரம் குனிந்து, "மனசுக்குள்ள திட்டுங்கக்கா, மூச்ச மட்டும் வெளிய விடுங்க" என்றேன். அக்கா கண்ணை மூடினார். முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. உதடு லேசாக அசைந்தது. தோள் மெல்ல மெல்ல இறங்கியது. எண்ணைப் பார்த்த நர்ஸ் பட்டையைக் கழற்றிக்கொண்டே, "போலாம்" என்றார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது நர்ஸ், "நல்லா ஜபிச்சீங்கம்மா, உடனே கொறஞ்சிடுச்சு, எந்த சாமி?" என்று கேட்டார்.

"சாமியெல்லாம் இல்லம்மா, எங்க ஜிம்மு மாஸ்டரு."

கண் திறந்தது

டாக்டர் இனி எடை தூக்கலாம் என்று சொன்ன பிறகு ஒருநாள் அக்கா ஜிம்முக்கு வந்தார். ஒரு கண் முடிந்திருந்தது, இன்னொன்றுக்கு நாள் குறித்தாயிற்று. படியில் யார் கையையும் பிடிக்கவில்லை. வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார். "இந்தப் பாய் மேலயா என்னப் படுக்க வெச்ச? தொடச்சி எத்தினி வருஷமாவுது?" என்று ஆரம்பித்தார். கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். மாஸ்டரை மேலும் கீழும் பார்த்து, குரலை வைத்து இன்னும் உயரமாக நினைத்திருந்ததாகச் சொன்னார். மாஸ்டர், இப்போது தானும் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரை சட்டைப்பையில் எட்டிப்பார்க்க, அதை உள்ளே தள்ளிக்கொண்டார்.

நான் அப்போதுதான் வீட்டிலிருந்து வந்திருந்தேன், இன்னும் புடவை மாற்றவில்லை. என் பக்கம் திரும்பினார். கண்ணை இடுக்காமல் அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்வை முகத்தில் கொஞ்சம் நின்றது, பிறகு கீழே இறங்கி என் பிளவுஸ் கையில் நின்றுவிட்டது. "இன்னா கண்றாவி இது? ஒரு கை மேல, ஒரு கை கீழ. எந்தக் கண்ணு தெரியாதவ தெச்சா?" என்றார். அக்கா கிட்டே வந்து கைவிளிம்பைப் பிடித்து, விரலால் தையலைத் தடவினார். தன் தையல் அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை மாதமாக இதைப் போட்டுக்கொண்டா பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கண் கலங்கியது. கண்ணைக் கசக்கக் கூடாது அக்கா என்று நான் பதற, புறங்கையை உயர்த்தி என்னைத் தடுத்துவிட்டு, மெஷின் விலை பேசிய மகனைக்கூடத் திட்டாத குரலில் என்னைத் திட்டினார்.

"போயி டீ-ஷர்ட்ட மாட்டிக்கினு அந்த பிளவுஸ எங்கிட்டக் குடுடி, சாயங்காலத்துக்குள்ள பிரிச்சுத் தெச்சுத் தரேன், என் பேரக் கெடுக்கறதுக்குன்னே ஊரெல்லாம் போட்டுக்கினு திரிஞ்சியா?"

ஆக, மல்லிகா அக்காவுக்கு ரத்தக்குழாய் இளகிப் பிரஷர் இறங்கிவிட்டது. அவர் கண் தெளிந்த நாளிலிருந்து ஏறியிருப்பதெல்லாம் எங்களுக்குத்தான்.